வழுக்கிய சுரம்

கல்லூரியில் படிக்கும்போது பதிவுசெய்த பாட்டை இணையத்தில் ஏற்றப்போன செல்வின், 'இசை' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு நிறுத்தினான். பல்லவியில் கிதார் வாசித்த இஸ்ரவேலின் விரல் வழுக்கிப் பிறந்த சுரம்தான் அந்தப் பாட்டின் உயிர். கேசட் அட்டையில் செல்வின் பெயர் மட்டும் வந்த நாளிலிருந்து இஸ்ரவேல் அவனோடு பேசுவதில்லை. செல்வின் அவனைப் போனில் அழைத்தான்.

"நம்ம பாட்ட நெட்ல ஏத்துதேன். இசைன்னு ஒம் பேரையும் போடட்டுமால?"

"நான் தப்பால்லா வாசிச்சேன்."

"அந்தத் தப்பத்தான ஹாஸ்டலே பாடிட்டுத் திரிஞ்சுது."

இஸ்ரவேலின் அருகே ஒரு சிறுமி, "யாருப்பா போன்ல?" என்று கேட்டாள்.

"நானும் ஒருத்தனும் சேந்து பாட்டுப் போட்டோம்னு சொல்லுவேம்லா, அவன்தான்," என்றான் இஸ்ரவேல், போனைக் கையால் பொத்தாமலே.