பெயரில்லாத புள்ளி

ஏழாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்காக, நான்காவது படிக்கும் தங்கை பிருந்தா வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வருவாள். இந்த முறை வந்தது சிறுவர்களுக்கான தீவு நாடுகளின் வரலாறு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம். அதற்குள் தலைநகரம், மக்கள் தொகை, தொழில். ஞாயிறு மாலை கடைசிப் பக்கத்து வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கடல் நடுவே பெயரில்லாமல் கிடந்த ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் பிருந்தா பேனாவால் கட்டம் போட்டு என் பெயரை எழுதியிருந்தாள். செல்வராணித் தீவு. தலைநகரம்: அடுப்படி. மக்கள் தொகை: 1.

“லைப்ரரி புக்ல எழுதலாமாடி? இனிமே உனக்குப் புத்தகமே தர மாட்டாங்க.”

“உன் பேருல ஒரு நாடுகூட இல்லக்கா. எல்லாப் பக்கத்துலயும் தேடிட்டேன்.”

ரப்பரில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தாள்தான் நைந்தது, எழுத்து போகவில்லை. திங்களன்று அவள் அதை அப்படியே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கிரேஸ் டீச்சரிடம் கொண்டுபோனாள். மாலையில் அதே புத்தகத்தோடு திரும்பி வந்தாள்.

“திட்டினாங்களா?”

“யாருடி இந்த செல்வராணின்னாங்க. எங்கக்கா, நான் எடுக்கிற புக்கெல்லாம் அக்காதான் படிக்குதுன்னேன். அப்புறம் அவங்களும் எழுதினாங்க.”

பிரித்துப் பார்த்தேன். கட்டத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி புதிதாக இருந்தது. கப்பல் போக்குவரத்து: வாரம் இருமுறை.

பிருந்தா என் தோளில் மோவாயை வைத்து எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, கப்பல்னா நான்தானே?”