கழுவிய கை

பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், வாசகசாலை ஜன்னலில் மூடுபனி ஒட்டியிருக்கிறது. காட்டுக்குள் கிளர்ச்சியாளர்களைத் தேடும் இந்த அவசரகாலத்தில் பெயர் கொடுத்துப் புத்தகம் எடுத்தால் போலீஸ் விசாரிக்குமோ என்று எல்லாருக்கும் பயம். அதனால் இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறார்கள். மதியம் வரும் அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார். யாரும் படித்த அடையாளம் இல்லையென்றால் வாசகசாலையை மூடிவிடுவார். பக்கங்களோ புதிதாகவே இருக்கின்றன. பொறுப்பாளரான ஆசிரியை கமலவேணி தேயிலைக் கொழுந்தைக் கசக்கி, சாறு பிடித்த கட்டைவிரலைப் பக்க ஓரங்களில் அழுத்துகிறாள். கறை பழுப்பாக இறங்குகிறது. கதவு கிறீச்சிடுகிறது. கொழுந்து பறிக்கும் காத்தாயி, எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிய கைகளை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வருகிறாள். மேசையில் விரிந்து கிடக்கும் பக்கத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிறாள்.

“ஐயோ, யாரு பார்த்த வேலை இது? கைய கழுவாம புக்கத் தொட்டா வெரல ஒடிச்சிருவேன்னு லயத்து வீடு பூரா சொல்லி வச்சிருக்கேன்லா!”

காத்தாயி கமலவேணியின் பக்கம் திரும்புகிறாள்.

“எங்க ஆளுங்கதான் யாராச்சும் செஞ்சிருப்பாங்க. கோவிச்சுக்காதீங்க டீச்சர். எங்கள வரவேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க.”

முந்தானையின் ஈர நுனியால் காத்தாயி கறையை மெல்ல ஒற்றுகிறாள். அது போகவில்லை. கமலவேணி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள்.