பாலம் தாண்டிய பிறகு

“வெக்கமா இல்லையாடி உங்களுக்கு?”

செம்பட்டி ரோட்டில் காலை ஓட்டம் முடிந்து காலேஜ் கேட்டுக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டாள் கோச் சகாயசெல்வி.

“நாப்பது வயசுப் பொம்பள நானு. முட்டியில ஆபரேஷன் பண்ணுனவ. என்கூடச் சேந்தாப்புல ஓடி வாரீங்க. ஒருத்திக்காவது என்னையத் தாண்டிப் போகணும்னு தோணுதா? மொத நாளே பாத்தேனே! கெளம்புறப்ப குதியாட்டம் போட்டுப் பறந்தீங்க. பாலத்தத் தாண்டுறதுக்குள்ள காத்துப் போன டயராட்டம் ஆயிட்டீங்க.”

கீர்த்தனாவும் தாஹிராவும் மற்ற பிள்ளைகளும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு வெள்ளிக்கிழம பேர் குடுக்கணும். இதே லட்சணத்துல ஓடுனா ஒருத்தி பேரும் போகாது. கீர்த்தனா, உன்னையத்தான் சொல்றேன். ஜெயிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேல கெடைக்கும்னு சொன்னீல்ல? அத மறந்துரு.”

கீர்த்தனா தலையை ஆட்டினாள். அம்புட்டுத்தான். வாயைத் திறக்கவில்லை.

இந்த அழுத்தம்தான் சகாயசெல்விக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இதே காலேஜில் அவள் படித்த காலத்தில் ஐயாயிரம் மீட்டரில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. கோப்பையும் கையுமாக அவள் நிற்கிற போட்டோ ஆபீஸ் வராந்தாவில் இன்னமும் தொங்குகிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

ஊர் ஊராக வேலை பார்த்துவிட்டு, படித்த இடத்துக்கே கோச்சாக வந்து சேர்ந்திருந்தாள். நம்ம இடம் என்று நம்பித்தான் வந்தாள். வந்து பார்த்தால் கூட ஓடிய தோழிகள் திருப்பூர், ஓசூர் என்று போய்விட்டார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. கல்யாணம் என்று ஒன்று அமையவே இல்லை. ஸ்டாஃப் ரூமில் பிள்ளைகளின் டியூஷன், மாமியாரின் சர்க்கரை என்று பேச்சு ஓடும். இவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவாள். சாயங்காலம் வாடகை வீட்டைத் திறந்தால், டி.வி.யைப் போட்டால்தான் ஒரு மனுஷக் குரல் கேட்கும்.

காலை ஓட்டம் ஒன்றுதான் ஆறுதல். சுற்றிலும் பிள்ளைகளின் காலடிச் சத்தம். மூச்சு வாங்க வாங்கப் பழைய மீட் கதைகளைச் சொல்லிக்கொண்டே நடுவில் ஓடுவாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓடுகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு கெத்து வேறு. அதனாலேயே இதுகளின் சோம்பேறித்தனம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“நாளைக்கு வத்தலக்குண்டுல ஒரு கல்யாணம். நான் வரல” என்றாள் கடைசியாக. “ஓடுனா ஓடுங்க. இல்ல, இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குங்க. எனக்கென்ன வந்துச்சு.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். போகிற கல்யாணத்தில் தெரிந்த முகம் எதுவும் இருக்குமா என்ற யோசனை. பாலத்தைத் தாண்டியதும் முன்னால் ஒரு தக்காளி லாரி. பஸ் செத்த நேரம் ஊர்ந்தது.

ரோட்டோரமாக யாரோ பஸ்ஸை முந்திக்கொண்டு ஓடினார்கள்.

கீர்த்தனா!

ஆத்தாடி, என்னா ஓட்டம்! பின்னாலேயே தாஹிரா. அதற்குப் பின்னால் மற்றவர்கள். பாலம் எங்கேயோ பின்னால் போய்விட்டது, ஒருத்தியாவது சுணங்கணுமே!

சகாயசெல்விக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மறு நிமிஷமே வயிறு எரிந்தது. ‘அடிப்பாவிகளா! அப்ப இத்தன நாளும் நடிப்பா? நான் இருந்தா நொண்டுறது, நான் இல்லாட்டி பறக்குறதா?’

“அண்ணே, அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்!”

“வத்தலக்குண்டுக்குல்லம்மா டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் கண்டக்டர்.

“பரவால்ல, எறக்கி விடுங்க.”

லாரி ஒதுங்கியதும் பஸ் பிள்ளைகளை முந்திப் போய் நின்றது. இறங்கியவள் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரத்தில் காத்திருந்தாள். ஓடி வந்த பிள்ளைகள் பட்டுச்சேலையில் கோச்சைப் பார்த்ததும் ஆணி அடித்தது மாதிரி நின்றார்கள்.

“என்னங்கடி, நடிப்பெல்லாம் முடிஞ்சிருச்சா?”

பிள்ளைகள் மூச்சு வாங்கியபடி ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“பேர் குடுக்க மாட்டேன்னு சொல்லியும் வாயத் தொறக்கலையே! கெடைக்கிற வேல போனாலும் பரவால்ல, இவள அசிங்கப்படுத்தணும்னு இருந்தீங்களா? அப்படி என்னடி பண்ணுனேன் உங்களுக்கு?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

தாஹிராதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். “மொத நாளு பாலம் வரைக்கும் பறந்தோம்ல மேம்... அங்குன வச்சுத் திரும்பிப் பாத்தோம். நீங்க ரொம்பப் பின்னால, தனியா, முட்டியப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. அதான் மெதுவா ஓடுனோம். நீங்களும் வந்து சேந்துக்கிட்டீங்க. அன்னைலேருந்து அப்படியே...”

சகாயசெல்விக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் பட்ட பெருமையெல்லாம் இந்தப் பிள்ளைகள் போட்ட பிச்சையா?

“எரக்கப்பட்டீங்களாக்கும்? கோச்சு பின்னால வந்தா என்னடி கெட்டுப்போச்சு? விட்டுட்டுப் போக வேண்டியதுதான?”

“போயிருப்போம் மேம்” என்றாள் கீர்த்தனா, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. “ஆனா, எங்ககூட ஓடுறப்ப மட்டும்தான் நீங்க சிரிக்கிறீங்க.”