தாழ்ப்பாள் இல்லாத கதவு

கதவைத் தள்ளினேன். டஸ்டின் தரையில் கிடந்தான். முதுகு குளியல் தொட்டியில் சாய்ந்திருக்க, தலை நெஞ்சின்மேல் தொங்கியது. வெந்நீர்க் குழாய் திறந்தபடி இருந்தது. அறை முழுக்க ஆவி.

அவன் உதடு நீலமாக இருந்தது.

எங்கள் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் கழற்றி எறிந்தேன். மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் கிடையாது. உள்ளே போனவன் தாழிட்டுக்கொண்டால், கதவை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

டஸ்டின் என் தம்பி. சுரங்கத்தில் கூரை சரிந்து முதுகு போனது. வலிக்கு டாக்டர் மாத்திரை எழுதினார். அவர் மாத்திரையை நிறுத்தியதும் இவன் போதைப் பவுடருக்குப் போனான். பிறகு அதையும் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான்.

சத்தியத்தை நம்பிய வீடுகளுக்கெல்லாம் நான் சாவுச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். செத்தவர்கள் கிழடுகள் இல்லை. என்னோடு பள்ளியில் படித்தவர்கள். ஊருக்குள் இந்தப் புதுத் தொற்றுநோய் வருவதற்கு முன்பே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், நாற்பது வயதைக்கூடப் பார்க்காமல்.

"பாவி, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

கைப்பையைத் தரையில் கொட்டினேன். போதையை முறிக்கும் மருந்து ஸ்பிரேயை எடுத்து அவன் மூக்கில் அடித்தேன். இங்கே பெண்கள் பையில் சீப்பு இல்லாவிட்டாலும் இது இருக்கும்.

அசைவில்லை.

இன்னொன்றை மறு நாசியில் அடித்தேன். பாதி அவன் கன்னத்தில் வழிந்தது. சட்டைக் கையைச் சுருட்டி ஊசி குத்திய இடத்தைத் தேடினேன். ஓங்கி ஓர் அறை விட்டேன். கடவுளே, இவனையும் எடுத்துக்கொள்ளாதே என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

கண்ணைத் திறந்தான்.

"நான் ஒண்ணும் எடுக்கலக்கா. மூச்சு முட்டுச்சு. ஆவி பிடிச்சா சரியாப் போயிடும்னு..."

"எல்லாப் பயலும் இதையேதான்டா சொல்றீங்க."

அவன் பேச்சை நம்பக் கூடாது. என் மூக்கை நம்பலாம். அந்தப் பவுடரைத் தகட்டில் சுட்டு இழுத்தால் கருகின சர்க்கரை வாடை உடம்பில் ஒட்டிக்கொள்ளும், குளித்தாலும் போகாது.

சட்டையில் முகத்தைப் புதைத்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. தலைமுடி, உள்ளங்கை, வாய். எங்கும் ஒன்றுமில்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் தம்பி பொய் சொல்லவில்லை. நெற்றி அனலாகக் கொதித்தது. காய்ச்சல்தான், வெறும் காய்ச்சல்தான் என்று சொல்லிச் சொல்லி அவனைக் கட்டிக்கொண்டேன். அறைந்த கன்னத்தில் முத்தம் கொடுத்தேன்.

அவன் என்னைப் பலமில்லாமல் தள்ளினான்.

"அடுப்புல என்னவோ தீயுதுக்கா. நாத்தம் தாங்கல."

திரும்பிப் பார்த்தேன். நடையில் கரும்புகை சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. அடுப்பில் வைத்த பீன்ஸ் எப்போதோ கரியாகியிருக்க வேண்டும். புகை என் முகத்தில் அடித்தது, கண் எரிந்தது.

மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்தத் தொற்றுநோயில் விழுந்தவர்கள் பலருக்கும் முதலில் போனது இந்த மோப்பம்தான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல், 'ஊதுடா' என்று அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.