திறந்த கார்

சீமைக்குக் கிளம்பிய பெங்களூர்த் துரையிடம் திறந்த கார் ஒன்றை விலைபேசி, டிரைவர் சிங்கராயனை அனுப்பி ஓசூருக்கு ஓட்டிவரச் செய்தார் பண்ணையார் நாராயணப்பன்.

மார்கழிப் பனியில் அவருக்குப் பல் கிட்டியது.

"ஏன்டா, இதுக்கு மேல மூடியே கிடையாதா?"

"துரைமாருங்க பனிக்குப் பயப்படுவாங்களா எசமான்?"

சித்திரையில் வழுக்கை வெந்தது.

"அதுக்குத்தான் அவங்க தொப்பி போடறாங்க" என்றான் சிங்கராயன். பண்ணையாரும் தொப்பி வாங்கினார்.

ஐப்பசி மழையில் கார் மாட்டுத்தொட்டி ஆனது. "நாளைக்கே இதை வித்துத் தலைமுழுகறேன். நீ வேற பொழப்பு பாத்துக்கடா!" என்று கத்திக்கொண்டே, வழியிலிருந்த சிங்கராயன் குடிசைக்குள் ஓடினார்.

குடிசையெல்லாம் ஒழுகியது. கட்டில்மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. ஏறி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். மேலே கெட்டியான கறுப்புக் கித்தான் கட்டியிருந்தது.

"அடேங்கப்பா! இந்தப் புத்தி அந்தத் துரைக்கு இல்லாமப் போச்சே! இதைக் காருக்குப் போட்டா நான் எதுக்கு விக்கறேன்? பொருந்துமாடா?"

சிங்கராயன் தன் பெண்டாட்டி அன்னமேரியைப் பார்த்தான்.

"பொருந்தும் எசமான்" என்றான். காரை ஓட்டிவந்த அன்றே அதிலிருந்து அவன் கழற்றியதாயிற்றே, பொருந்தாமல் எங்கே போகும்?

அன்னமேரி கட்டில்மேல் வைக்கச் சட்டி தேடினாள்.