பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல்

"மிஸ்ஸி, என் நம்பர் நாலு. எப்ப கூப்பிடுவாங்க?"

நௌபர் ஹாஜியார் இதைக் கேட்பது ஐந்தாவது தடவை. தாதி சஜீவனி ஐந்தாவது தடவையும் சிரித்தாள்.

"மூணு உள்ள இருக்காங்க ஹாஜியார். அடுத்தது நீங்கதான். உக்காருங்க."

எங்கே உட்காருவது? பதுளையில் அந்தப் பல் கிளினிக்கின் நாற்காலி அவருக்கு மட்டும் முள்ளாகக் குத்தியது. நாக்கின் ஓரத்தில் மிளகளவு புண். சின்னதுதான். ஆனால் விடியற்காலை நோன்பு பிடிக்கும் முன் சாப்பிடும் சஹர் சோறு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"நோய் வந்தா நோன்பை விடலாம்தானே? மருந்தைப் பூசுங்க" என்று வீட்டிலேயே சொன்னாள் மனைவி ஸஜீதா.

விடுவதாவது! முப்பத்தொரு வருஷமாக ஒரு நோன்பும் தவறாதவர். பண்டாரவளைக் கடைத்தெரு முழுக்க அது தெரியும். அவரேதான் சொல்லியிருக்கிறார்.

டொக்டர் யசோதினிதான் போனில் வழி சொன்னார்.

"பூசவும் வேணாம், ஊசியும் வேணாம். லேசர் இருக்கு. புண் மேல அந்த வெளிச்சத்தைப் புடிச்சா வலி குறையும், சீக்கிரம் ஆறும். உங்களுக்கு மூணு நிமிஷ வேலை. ஆனா சனிக்கிழமை மட்டுந்தான்."

வெறும் வெளிச்சம்! நோன்புக்கு ஒரு பங்கமும் இல்லை. ஆனால் இன்றைக்கு விட்டால் அடுத்த சனி. அதுவரை இந்த நாக்கை வைத்துக்கொண்டு நோன்பு ஓடாது. ஐந்து மணி பஸ்ஸை விட்டாலோ, நோன்பு துறக்க வீடு போய்ச் சேர முடியாது. மணி நாலேகால்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். துவாயால் வாயைப் பொத்திக்கொண்ட ஒரு அம்மா, கூடவே மகள். இரண்டு பேரும் மழையில் நனைந்திருந்தார்கள்.

மகள் சரியாக அவருக்கு எதிரில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். கஞ்சி வாசம் குப்பென்று வந்தது.

ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையில் தொப்பி இருக்கிறது, கண் தெரியவில்லையா இவர்களுக்கு?

அந்த அம்மா மகளின் கையைத் தட்டிவிட்டாள்.

பெற்ற பிள்ளை கொடுத்தால் அதற்கும் பிகு! என்று நினைத்துக்கொண்டார் அவர்.

நம்பர் மூன்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஹாஜியார் எழுந்தார்.

"பவுலினா அம்மா, உள்ள வாங்க" என்றாள் சஜீவனி.

ஹாஜியாருக்கு எங்கிருந்தோ கோபம் ஏறியது.

"மிஸ்ஸி! இப்ப வந்தவங்க எப்படி முதல்ல? நம்பரும் இல்லாம?"

"டொக்டர் சொன்னாங்க ஹாஜியார்."

"ஏன், என்ன விசேஷம்?"

"அத நான் சொல்லக் கூடாது."

"காலையிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல்ல. நோன்பாளியக் காக்க வைக்கிறது பாவம், தெரியுமா?"

உள்ளே போய்க்கொண்டிருந்த அந்த அம்மா வாசலில் நின்று திரும்பி அவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடும்?" என்று முணுமுணுத்தார் ஹாஜியார்.

மூன்று நிமிஷம் போனது. பத்து ஆனது. இருபது ஆனது. ஹாஜியார் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். கதவு இடுக்கில் பார்த்தால், டொக்டரும் அந்த அம்மாவும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பேனா மாதிரி ஒன்றின் நுனியில் சிவப்பு வெளிச்சம்.

"எனக்கு மூணு நிமிஷம், அவங்களுக்கு அரை மணியா மிஸ்ஸி?"

"அவங்களுக்குப் புண் கூட, ஹாஜியார்."

"புண் எல்லாருக்குந்தான் வருது!"

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. டொக்டர் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மகளிடம் விட்டார்.

"இப்ப வலி அடங்கியிருக்கு. மறுபடி வலி கிளம்புறதுக்குள்ள நாலு வாய் கஞ்சி குடுத்துருங்க. இன்னைக்கு எறங்கும்."

ஹாஜியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"இவங்க கஞ்சி குடிக்கத்தான் இவ்வளவு அவசரமா டொக்டர்? இங்க ஒரு மனுஷன் பட்டினி கிடக்கிறது கண்ணுக்குத் தெரியல்லயா?"

டொக்டர் வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கோங்க மொதலாளி. மடுல்சீமையிலேர்ந்து வர்றோம், பஸ்ஸு லேட்டாயிருச்சு. அம்மாவுக்கு வாயில புத்துநோயி. அதுக்குக் கதிர்க் கரண்ட் புடிச்சதுல வாய் பூரா வெந்து போச்சு. இன்னையோட ஒம்பது நாளு, ஒரு சொட்டு கஞ்சித் தண்ணி எறங்கல. பேச்சும் இல்ல. ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்தித்தான் வச்சிருந்தாங்க."

ஹாஜியாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் அவசர அவசரமாக பிளாஸ்க் மூடியைத் திறக்கத் திருகினாள்.

பவுலினா மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாயிலிருந்த துவாயை எடுத்தாள். ஒன்பது நாளைக்குப் பிறகு முதல் பேச்சு, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இங்க வேணாம் புள்ள. வெளிய மழைக்கு ஒதுங்கி நின்னு குடிச்சிக்கிறேன். மொதலாளி காலையிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படாம இருக்காரு, பாவம். அவரு முன்னால வச்சு குடிக்கலாமா?"