அரச தோரணை

“எடியே சந்திரகலா, மாப்பிள்ளையைப் பார்! ராசா மாதிரி நிக்கிறார்!”

ஏர்மெயில் உறையிலிருந்து விழுந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கத்தினாள் புஷ்பவல்லி. அவள் நர்ஸ். அறைத் தோழி சந்திரகலா பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய ஓவிய வரலாறு படிப்பவள். எழுபத்து நாலாம் ஆண்டு. மெல்பேர்னில் தமிழ்க் குரல் கேட்டால் ட்ராமிலிருந்து இறங்கிப் பார்க்கிற காலம்.

படத்திலிருந்த ஈஸ்வரமூர்த்தி சில ஸ்டேஷன்கள் தள்ளி, சன்ஷைன் என்ற புறநகரில்தான் இருந்தான். ஆனாலும் முறைப்படி படம் யாழ்ப்பாணம் போய், சந்திரகலாவின் அப்பா கைவழியாக வந்திருந்தது. ‘விருப்பமா இல்லையா, உடனே எழுது’ என்றிருந்தார் அப்பா.

சந்திரகலா படத்தை வாங்கினாள். ஒரு சொல்லில் ஒரு முழு ஆயுள். ஆனாலும் அவளுக்குப் பயம் வரவில்லை. படங்களைப் படிக்கத் தெரிந்தவள்.

“ராசா மாதிரி இல்லை. ராசாவை வரைஞ்ச மாதிரி,” என்றாள். “ஐந்நூறு வருசத்துக்கு முந்தி அரச குடும்பங்களிலயும் கலியாணம் பேச முதல் படம்தான் போகும். பின்னால வெல்வெட் திரை, பக்கத்தில தூண். தோள் சின்னனெண்டா பஞ்சு வைச்ச சட்டை. அம்மைத் தழும்பு ஓவியரின்ர கண்ணில படாது.”

“இவருக்குத் தழும்பு இருக்கோ?”

“தெரியாது. ஆனா கோட் இரவல். கைநீளத்தைப் பார்.”

“பூமி உருண்டையில கை வைச்சிருக்கிறாரே?”

“அதுதான் பெரிய பொய். உலகமே என்ர கைக்குள்ள எண்டு காட்டுறது. அரை நாட்டைப் பறிகுடுத்த ராசாவும் அப்பிடித்தான் நிப்பார்.”

“அப்ப வேண்டாம் எண்டு எழுது. புளுகனோட என்னெண்டு குடும்பம் நடத்துவாய்?”

சந்திரகலா அந்தக் கையையே பார்த்தாள். விரல் உருண்டையை அழுத்தவில்லை. தொட்டும் தொடாமலும் நின்றது. பெரிய ஆளாகத் தெரிய வேண்டுமென்று வந்து நின்றவனின் கூச்சமெல்லாம் அந்த ஒரு விரலில் மிஞ்சியிருந்தது.

“ஓம் எண்டுதான் எழுதப்போறன்.”

“உனக்கென்ன விசரோ?”

“அது வெறும் அட்டை உருண்டையடி. அழுத்தினா உள்ளுக்க போயிடும். பாவம், ஆள் கவனமாத் தொட்டிருக்கிறார்.”

“அட்டை எண்டு உனக்கெப்பிடித் தெரியும்?”

சந்திரகலா மேசை லாச்சியைத் திறந்து, போன மாதம் அப்பாவுக்கு அனுப்பிய தன் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்து அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்: அதே ஸ்டுடியோத் திரை, அதே தூண், அதே உருண்டையின் மேல் தொட்டும் தொடாமலும் அவளுடைய விரல்.